கோடு நகர்ந்தால் யாரைக் கேட்பது?

பொத்துவிலிலோ கல்முனையிலோ பெரிய றோட்டுப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். "றோட்டு வந்தாத்தான் ஊர் முன்னேறும்" என்பது ஒரு பக்கம். "வாற றோட்டு எங்களுக்கில்ல, ஹோட்டல்காரனுக்கு" என்பது மறுபக்கம். இரண்டு பேச்சிலும் உண்மை கிடக்கிறது. ஆனால் இந்நாட்டில் நீதிமன்றம் வரை போன வீதிப் பிணக்குகளை எடுத்து வாசித்தபோது, பாதை வேண்டுமா வேண்டாமா என்பது அங்கே பெரிய கேள்வியாகவே இருக்கவில்லை. கோடு எவ்விடத்தால் போகும், அதை இழுக்கும்போது யாரைக் கேட்டார்கள், கேட்டு முடிந்த பிறகு கோட்டை நகர்த்தினார்களா என்பவற்றிலேதான் சண்டை நடந்திருக்கிறது. மூன்றாவது கேள்வியைத்தான் எங்கட ஆட்கள் கேட்பதே இல்லை. அதை விளங்கிக்கொள்ளத் தென்மாகாணத்துக்குப் போக வேண்டும். அறுகம்பேக்குப் பிறகு வருகிறேன்.

கொழும்பிலிருந்து மாத்தறைக்கு அதிவேகப் பாதை போடும் எண்ணம் 1990களில் உருப்பெற்றது. வீதி அபிவிருத்தி அதிகார சபை முதலில் ஒரு கோடு இழுத்தது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைச் செய்த மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தார், மக்களுக்கும் சூழலுக்கும் வரும் பாதிப்பைக் குறைக்கலாம் என்று இன்னொரு கோட்டை முன்வைத்தார்கள். ‘இணைந்த கோடு’ என்று அதற்குப் பெயர். மத்திய சுற்றாடல் அதிகார சபை 1999 இல் அனுமதி கொடுத்தது, நிபந்தனைகளோடு. வெரஸ் கங்கை, கொக்கலைப் பக்கத்துச் சதுப்பு நிலங்களை விட்டு விலத்திப் போக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதே ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுக்குச் சம்மதித்தது. ஜப்பானியக் கடனும் சேர்ந்தது.

கடைசியில் வீதி அபிவிருத்தி அதிகார சபை நிலத்தில் கட்டை அடித்தபோது வந்தது ‘இறுதிக் கோடு’. பண்டாரகம, அக்மீமன போன்ற இடங்களில் அது இணைந்த கோட்டை விட்டு விலகிப் போனது. தங்கள் வளவுக்குள் பாதை வராது என்று நிம்மதியாக இருந்தவர்களின் வீட்டு வாசலில் சேவையர் வந்து நின்றார். சுற்றாடல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருந்த 30 நாளிலும் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, கோடு அப்போது அவர்கள் வளவில் இல்லையே. கோடு வளவுக்குள் வந்தபோது 30 நாள் முடிந்து வெகுகாலம்.

அதிகாரிகள் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டுமென்று யாருடைய வீட்டையும் தேடிப்போய் இடிக்கவில்லை. சதுப்பு நிலத்தை விலத்து என்று சொன்னது சுற்றாடல் அதிகார சபை. விலத்தினால் எங்கேயோ ஓரிடத்தில் மேட்டு நிலத்தில் ஏறத்தான் வேண்டும், மேட்டு நிலத்தில் மனிதன் குடியிருப்பான். ஒவ்வொரு வளைவுக்கும் புதிதாக அறிக்கை எழுதி, புதிதாக 30 நாள் கொடுத்து, புதிதாக விசாரித்தால் பாதை எப்போது முடிவது? வெளிநாட்டுக் கடன் ஒருபக்கம், ஒப்பந்தக்காரர் ஒருபக்கம். எந்தப் பொறியியலாளரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம், குறிப்பிட்ட பெரிய திட்டங்களுக்கு முன்னனுமதி கட்டாயம் என்றது. அனுமதி பெற்ற திட்டத்தில் பிறகு மாற்றம் செய்தால் அதை அறிவித்து, தேவையான இடத்தில் புதிதாக அனுமதி பெற வேண்டும் என்றும் அதிலே இருக்கிறது. காணிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2003 இல் அது கைகொடுக்கவில்லை. பொதுநலன் பெரிது என்று மனுக்கள் தள்ளப்பட்டன. அவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஏறினார்கள்.

2004 ஜனவரி 20 அன்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு வந்தது. என் பார்வையில் இலங்கையில் வீதிக்காகக் காணி போகிற எவரும் வாசிக்க வேண்டிய தீர்ப்பு அது. கோடு மாறியபோது, புதிதாகப் பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது இயற்கை நீதிக்கு மாறு. அவர்களுடைய சமத்துவ உரிமையும் மீறப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. சுற்றாடல் அதிகார சபையின் நிபந்தனையால்தான் கோடு நகர்ந்தது என்பதும் அந்தக் குறையை நிவர்த்தி செய்யாது. ஆனாலும் நீதிமன்றம் பாதையை நிறுத்தவில்லை. நாட்டுக்கு வேண்டிய பாதை, பெருந்தொகைக் கடன், ஏற்கெனவே கடந்துவிட்ட காலம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, இறுதிக் கோடு அப்படியே இருக்கட்டும் என்றது. பொதுநலனுக்காகச் சிலருடைய உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வதானால் அந்த இழப்பின் பாரத்தை அவர்கள் மட்டும் சுமக்கக் கூடாது என்று சொல்லி, காணிக்கான நட்டஈட்டுக்கு மேலதிகமாக மேன்முறையீட்டாளர் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

வீடு போனவனுக்கு 75,000 பெரிய காசில்லை. 2004 இலும் பெரிய காசில்லை. அதிலே கிடைத்தது, நீங்கள் சொன்னது சரி, உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எழுதிக் கொடுத்த ஒப்புதல். அதற்குப் பெறுமதி உண்டா என்று கேட்டால், அந்த வழக்காளிகளுக்குக் குறைவு, பின்னால் வருகிறவர்களுக்குக் கூட என்றுதான் சொல்வேன். பாதிக்கப்பட்டவர்கள் அதோடு நிற்கவுமில்லை. 2004 டிசம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் சொந்த மீளாய்வுக் குழுவிடமே முறையிட்டார்கள். வங்கி தன் கொள்கைகளைத் தானே சில இடங்களில் பின்பற்றவில்லை என்று அந்தக் குழு 2005 இல் கண்டறிந்து, திருத்தங்களையும் விதந்துரைத்தது. கடன் கொடுக்கிறவனையும் கேள்வி கேட்கலாம் என்பது எங்கட பக்கத்தில் பலருக்கும் தெரியாத சங்கதி. பாதை 2011 நவம்பர் 27 அன்று காலி வரை திறக்கப்பட்டது. இன்று அதில் ஓடாதவர் யார்?

கடல் தாண்டி இந்தியாவில் இதே கேள்விக்கு வேறு விடை வந்தது. 277 கிலோமீற்றர் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக 2018 இல் நிலம் அளக்கப் போனபோது விவசாயிகள் எழும்பினார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவித்தல்களை இரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று டில்லி உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும் கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி கையில் இருக்கத் தேவையில்லை என்று சொல்லி அந்த அறிவித்தல்களை நிலைநாட்டியது. எந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் சண்டை. முந்திக் கேட்டால் கோட்டை மாற்றலாம். பிந்திக் கேட்டால் விலை பேசத்தான் முடியும்.

இனி எங்கட கடற்கரைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 இன் சுனாமி அறுகம்பேயைப் புரட்டிப் போட்டது. பொத்துவிலையும் உல்லையையும் இணைத்த பாலமும் சேதப்பட்டது. கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் தடைவலயம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது போல் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஊர்களில் 200 மீற்றரை வெட்டி எடுத்தால் என்ன மிஞ்சும் என்பதை எவரும் சொல்லத் தேவையில்லை. அந்தக் காயம் ஆறுமுன், 2005 ஏப்ரலில் அறுகம்பே வள அபிவிருத்தித் திட்டம் வெளிவந்தது. வடக்கே கோமாரி தொடங்கித் தெற்கே பாணமை வரை 17 கிலோமீற்றர் கரை. அதில் புதிய பாலம், புதிய வீதி, உல்லாசப் படகுத்துறை, நீரில் இறங்கும் விமானத்துக்கு இறங்குதுறை, ஹெலிகொப்டர் தளம், உயர்தர ஹோட்டல்கள். தோணியை எங்கே இழுத்து வைப்பது, கரவலையை எங்கே வளைப்பது என்பதற்கு அந்த வரைபடத்தில் தெளிவான பதில் இருக்கவில்லை. மீனவர்களும் சின்னச் சின்னத் தங்குமிடம் நடத்தியவர்களும் ஊர்வலம் போனார்கள். நயோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட ‘த ஷொக் டொக்ட்ரின்’ நூலின் இலங்கை அத்தியாயம் இந்தக் கரையில்தான் தொடங்குகிறது.

படகுத்துறையும் விமானத் துறையும் கடதாசியில் நின்றுவிட்டன. தடைவலயம் 2005 இன் இறுதியில் தளர்ந்தது. பாலம் மட்டும் அமெரிக்க உதவியில் எழும்பி 2008 மார்ச்சில் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தால் போய் வருகிற நானும் பாலம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. உல்லையில் அன்று ஊர்வலம் போனவர்களும் இன்று அதிலேதான் போகிறார்கள். ஆனால் பாலமும் ஒரு முழுத் திட்டத்தின் துண்டாக வந்தது என்பதும், முழுத் திட்டத்தைப் பற்றி ஊரோடு உட்கார்ந்து பேசவில்லை என்ற மனக்குறையும் அப்படியே கிடக்கின்றன.

சட்டத்தில் உள்ள ஓட்டைகளையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கட நிலம் சரியாக அந்த ஓட்டைகளுக்குள்தான் விழுகிறது. 1993 ஜூன் 24 வர்த்தமானியின்படி சுற்றாடல் அனுமதி தேவைப்படும் வீதி 10 கிலோமீற்றருக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். உல்லையைச் சுற்றி ஒரு மாற்றுவழி போட்டால் அது 10 கிலோமீற்றர் வராது. அதே வர்த்தமானியில் 100 குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாக இடம்பெயர்க்கும் திட்டமும் வருகிறது, நல்லது. ஆனால் அவசர நிலைமையில் செய்யும் மீள்குடியேற்றத்துக்கு விலக்கு. சுனாமி அவசர நிலைமை அல்லாமல் வேறென்ன? கடலோரத்துக்குக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. உயர்நீர் மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரையும், கடலோடு தொடுக்கும் களப்பு, ஆறுகளின் பக்கத்தில் 2 கிலோமீற்றர் வரையும் அதன் கை நீளும். அறுகம்பேக் களப்பை மனதில் வைத்துப் பார்த்தால் ஊரில் பாதி அதற்குள். ஆகவே பிரதேச செயலகத்தில் போய், "சுற்றாடல் அறிக்கை எங்க?" என்று மட்டும் கேட்டால் "அது தேவையில்ல தம்பி" என்று அனுப்பிவிடுவார்கள். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் என்ன அனுமதி கொடுத்தது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொன்று: முழுமையான தாக்க மதிப்பீடு என்றால் 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். சிறிய ‘ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை’ என்றால், 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த 30 நாள் கட்டாயமில்லை. எந்த அறிக்கை என்று தீர்மானிக்கிற இடத்திலேயே ஊருக்கு வாய் உண்டா இல்லையா என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

காணி எடுக்கும் கட்டம் அதற்குப் பிறகு. 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 2 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் அளக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். 4 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால்தான் எதிர்ப்பை எழுதிக் கொடுக்கும் வாய்ப்பு. 38 ஆம் பிரிவின் காப்புவாசகத்தைப் பிடித்தால், அவசரம் என்று சொல்லி நட்டஈட்டு விசாரணை முடியுமுன்னரே காணியைக் கையேற்கலாம். வீதிக்கு வருகிறபோது அந்த அவசரம் பெரும்பாலும் வந்துவிடும்.

இதிலே எங்கட சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கிழக்கில் வீடும் வளவும் மகளுக்குத்தான் போகும். கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் உறுதி சில இடங்களில் வாப்பாவின் பேரிலேயே கிடக்கும், சில இடங்களில் மருமகன் பேரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், சில வளவுக்கு உறுதியே இல்லை, பெர்மிட் மட்டும். மூத்த மகளுக்கு முன்பக்கம், இளைய மகளுக்குப் பின்பக்கம் என்று வாய்ப்பேச்சில் பிரித்து வேலியும் அடித்திருப்பார்கள். வீதியை அகலமாக்க வருகிறவன் முன்பக்கத்தைத்தான் எடுப்பான். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வருவது பேர் உள்ளவருக்கு. போவது ஆம்பிளை. காசு வருவதும் அவர் கைக்கு. குடியிருந்து வீடிழந்தவள் கூப்பிடப்படவே இல்லை. தென்னதிவேகப் பாதைத் தீர்ப்பு, பாதிக்கப்படுகிறவரைக் கேள் என்றுதான் சொன்னது. எங்கட ஊரில் பாதிக்கப்படுகிறவர் யார் என்பதை முதலில் நாங்களே சரியாக எழுதி வைக்க வேண்டும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் கலியாணப் பதிவைப் பேணுவது போலச் சீதன வளவுகளின் விபரத்தையும் பேணலாமே என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது தர்மம் என்று எல்லோரும் பயான் கேட்டிருக்கிறோம். பாதைக்காக ஒருவருடைய சொத்தை எடுப்பது பற்றிய சட்டத்தைக் கேட்டவர்கள் குறைவு. உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவில், ஹனபி மத்ஹபின் அடிப்படையில், இதற்கென்றே 1216 ஆம் சரத்து இருக்கிறது. தேவை ஏற்பட்டால் ஆட்சியாளரின் கட்டளையால் ஒருவரின் காணியை அதன் பெறுமதிக்கு எடுத்துப் பாதையோடு சேர்க்கலாம். பெறுமதியைக் கொடுக்கும் வரை அவர் கையிலிருந்து அதைப் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். எங்கட 38 ஆம் பிரிவோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கும் பழைய செய்தி ஒன்று வரலாற்று நூல்களில் வருகிறது. உமர் (றழி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியை விசாலமாக்க நாடியபோது அப்பாஸ் (றழி) அவர்களின் வீடு குறுக்கே நின்றது. அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். கலீபா அதிகாரத்தைக் காட்டி எடுக்கவில்லை. வழக்கு உபை இப்னு கஃப் (றழி) அவர்களிடம் போனது. தீர்ப்பு கலீபாவுக்கு மாறாக வந்தது. வென்ற பிறகு அப்பாஸ் (றழி) தானாகவே வீட்டைப் பள்ளிக்குக் கொடுத்தார். இந்தச் சம்பவத்தைக் கொடையின் பெருமைக்குத்தான் பெரும்பாலும் சொல்லுவார்கள். அந்தக் கொடைக்கு முன்னால் ஒரு விசாரணை நடந்ததை அதிகம் சொல்வதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நாங்கள் காணி இழக்கும் பக்கத்தில் நிற்கும்போது சொல்ல இலேசானது. பாதை எங்களுக்கு வேண்டிய பாதையாக இருந்தால்?

வில்பத்து அப்படியான இடம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டியபோது மன்னார் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். யுத்தம் முடிந்த பிறகு மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி, சிலாவத்துறை என்று ஊர் திரும்பத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தொழிலும் புத்தளத்தில், காணி மன்னாரில். எழுவன்குளத்தால் வில்பத்துத் தேசிய வனத்துக்குள் போகும் பழைய பாதை திறந்தால் இரண்டும் கிட்ட வரும். இல்லாவிட்டால் அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்ற வேண்டும். அந்தப் பாதையைச் செப்பனிட்டுத் திறந்தபோது சுற்றாடல் அமைப்புகள் 2010 இல் உயர் நீதிமன்றம் போயின. அவர்களின் வாதம் சட்டத்தில் ஆழமானது. வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்திய இடத்துக்குள் வருமானால் 10 கிலோமீற்றர் என்ற கணக்கெல்லாம் இல்லை, நீளம் எதுவானாலும் மதிப்பீடு வேண்டும்.

அந்த வழக்கை எங்கட ஆட்களில் பலர் முஸ்லிம்களுக்கு எதிரான சூழ்ச்சி என்று மட்டும் பார்த்தார்கள். காடழிப்பு, குடியேற்றம் பற்றிய வேறு வழக்குகளையும் இதோடு போட்டுக் குழப்பி, சிங்கள ஊடகங்களில் சிலர் இனவாதம் கக்கியதால் அப்படிப் பார்ப்பது இலேசாகவும் இருந்தது. ஆனால் வழக்கின் நடுவில் நிற்கும் கேள்வி பண்டாரகமக் காணிக்காரர் கேட்ட அதே கேள்வி: போடுமுன் மதித்தாயா, கேட்டாயா? பண்டாரகமவில் அதை நியாயம் என்று ஏற்று, வில்பத்துவில் மட்டும் சூழ்ச்சி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், முறையாக ஒரு மதிப்பீடு நடந்திருந்தால் அதன் 30 நாளில் பேச வேண்டியவர்கள் யானைக்காகப் பேசுகிறவர்கள் மட்டுமா? விரட்டப்பட்டு 20 வருஷம் முகாமில் கிடந்தவர்கள், அந்தப் பாதை தங்களுக்கு ஏன் வேண்டும், எந்த நேரத்தில் மட்டும் திறந்தால் போதும், பஸ் மட்டும் விட்டால் போதுமா, மதவாச்சிப் பக்கத்தால் நல்ல போக்குவரத்துத் தந்தால் சம்மதமா என்று எழுத்தில் சொல்லியிருக்கலாம். அவர்களுடைய இழப்பு அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கும். மதிப்பீட்டைத் தவிர்த்து, அரசியல்வாதியின் வாக்குறுதியில் பாதை திறந்ததால், வழக்கு வந்த அன்று அவர்களுக்காகக் காட்ட ஒரு கடதாசியும் இருக்கவில்லை. வீதி அதிகாரிகள் ஒரு பக்கம், சுற்றாடல்காரர் மறுபக்கம் என்று வழக்கு நடந்தது. நடுவில் நின்றவர்கள் அகதிகள்.